மூச்சு விடும் இடத்திலெல்லாம் கமா போட்டுக்கொண்டிருந்தேன்

விருத்தாசலம் பக்கம் தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு, கல்லூரியில் ஆங்கில இலக்கியம் எடுத்து, 2009-இல் சென்னையில் ஒரு கம்பெனியில் புரூஃப் ரீடராக, அதாவது அச்சுக்குப் போகும் முன் பிழை பார்ப்பவராகச் சேர்ந்தேன். வெளிநாட்டு மருத்துவ, அறிவியல் ஆய்விதழ்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுக்கிற வேலை. சென்னையிலும் புதுச்சேரியிலும் இந்தத் தொழிலில் நிறையப் பேர் இருக்கிறார்கள். லண்டனிலோ நியூயார்க்கிலோ வெளியாகும் இதழின் பக்கம் பல நேரம் இங்கே ஒரு மேசையைத் தாண்டித்தான் போகும்.

சேர்ந்த நான்காவது மாதம் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் கற்றுக்கொண்டது எல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஒரு மருத்துவக் கட்டுரை. அதில் ஒரு வரி: "பேஷண்ட்ஸ் ஹூ ஹேட் டயபடிஸ் வேர் எக்ஸ்க்ளூடட்." சர்க்கரை நோய் இருந்த நோயாளிகள் ஆய்வில் சேர்க்கப்படவில்லை என்று அர்த்தம். எனக்கு அந்த வரியை வாசிக்கும்போது பேஷண்ட்ஸுக்குப் பிறகு கொஞ்சம் நின்றால் நன்றாக இருக்கும்போலத் தோன்றியது, டயபடிஸுக்குப் பிறகும் அப்படியே. இரண்டு இடத்திலும் கமா போட்டேன். புரூஃப் கட்டுரையை எழுதியவருக்குப் போய்த் திரும்பி வந்தது. ஓரத்தில் அவர் எழுதியிருந்ததன் சாரம் இதுதான்: இந்த இரண்டு கமாவோடு வெளிவந்தால் என் ஆய்வில் ஒரு நோயாளிகூட மிச்சமில்லை, தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

எனக்குப் புரியவில்லை. இரண்டு வால் போட்டதில் நோயாளிகள் எப்படிக் காணாமல் போவார்கள்?

எங்கள் பிரிவில் மூத்தவர் ஒருவர் இருந்தார், சார் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். ஈய எழுத்துக் கோத்த காலத்து அச்சகத்தில் காப்பி ஹோல்டராகத் தொடங்கியவர். ஒருவர் மூலப்பிரதியைச் சத்தமாகப் படிக்க, இன்னொருவர் புரூஃபைப் பார்த்துக்கொண்டே வருவது அந்தக் காலத்து முறை. படிப்பவர் கமா வந்தால் "கமா" என்றும் பெரிய எழுத்து வந்தால் "கேப்" என்றும் வாய்விட்டுச் சொல்வாராம். அப்படிப் பல வருடம் குறிகளைச் சொல்லிச் சொல்லியே பழகிய மனிதர். புரூஃபை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இதைத் தமிழ்ல சொல்லு" என்றார். "சர்க்கரை நோய் இருந்த நோயாளிகள் சேர்க்கப்படவில்லை" என்றேன். "எல்லா நோயாளிக்கும் சர்க்கரை நோயா, இல்ல சில பேருக்கு மட்டுமா?" "சில பேருக்கு மட்டும் சார்." "அது உன் தமிழ் வாக்கியத்துல எங்க இருக்கு?"

இல்லை. அன்றைக்குத்தான் அதைக் கவனித்தேன். தமிழில் 'இருந்த நோயாளிகள்' என்ற பெயரெச்சத் தொடர் இரண்டுக்கும் பொதுவாக நிற்கும், இடத்தைப் பார்த்து நாம் புரிந்துகொள்வோம். 'மதுரையில் இருக்கும் என் தம்பி வந்தான்' என்றால் எனக்கு ஒரே தம்பியா, நாலு தம்பிகளில் மதுரைக்காரனா என்று அந்த வரியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஆங்கிலத்தில் அந்த வேறுபாட்டைக் கமாதான் தாங்குகிறது. கமா இல்லையென்றால் எந்த நோயாளிகள் என்று பிரித்துக் காட்டுகிறது, இரண்டு பக்கமும் கமா வந்தால் அது கூடுதல் தகவல், எடுத்துவிட்டாலும் வாக்கியம் நிற்கும். எடுத்துவிட்டுப் பாருங்கள்: பேஷண்ட்ஸ் வேர் எக்ஸ்க்ளூடட். நோயாளிகள் சேர்க்கப்படவில்லை. ஒருவரும்.

பள்ளிக்கூடத்தில் எனக்குச் சொல்லிக் கொடுத்தது வேறு. காற்புள்ளி வந்தால் ஒரு மாத்திரை நிற்க வேண்டும், அரைப்புள்ளிக்கு இரண்டு, முக்காற்புள்ளிக்கு மூன்று, முற்றுப்புள்ளிக்கு நான்கு. அது வாசிப்பதற்கான பாடம், நல்ல பாடம்தான். அதைத் திருப்பிப் போட்டு, எங்கே நிற்கத் தோன்றுகிறதோ அங்கே குறி போடலாம் என்று நானாகவே ஒரு விதி செய்துகொண்டேன். என்னோடு சேர்ந்தவர்களில் பாதிப்பேர் அதே விதியோடுதான் வந்திருந்தார்கள். தமிழில் அது பெரிதாகக் காலை வாருவதில்லை, ஏனென்றால் தமிழ் தன் குறிகளைச் சொல்லுக்குள்ளேயே வைத்திருக்கிறது. ஓலைச்சுவடிகளில் காற்புள்ளியோ கேள்விக்குறியோ மேற்கோள்குறியோ கிடையாது, மெய்யெழுத்துக்கு வைக்கும் புள்ளிகூடப் பல சுவடிகளில் இருக்காது, அப்படியும் படித்தார்கள். 'வந்தானா' என்பதில் கடைசி ஆவே கேள்விக்குறி. 'அரிசியும் பருப்பும் எண்ணெயும்' என்பதில் உம் கமாவின் வேலையைச் செய்கிறது. 'வருகிறேன் என்று சொன்னான்' என்பதில் 'என்று' வந்து மேற்கோளை மூடிவிடுகிறது. 'முடித்துவிட்டு', 'முடித்தால்', 'முடித்தும்' என்று எச்சம் போட்டதுமே வாக்கியம் இன்னும் முடியவில்லை, மேலே ஏதோ வருகிறது என்று தெரிந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் இவற்றில் பலவற்றைச் சொல்லுக்கு வெளியே குறிகளாகத்தான் போட வேண்டியிருக்கிறது. ஆகவே அங்கே குறியை மாற்றினால் உம்மையும் ஆவையும் என்றுவையும் மாற்றியதற்குச் சமம்.

இதைப் புரிந்துகொண்ட பிறகு சார் எனக்குக் கொடுத்த பயிற்சி ஒன்றே ஒன்றுதான். குறியைப் பார்க்காதே, வினைமுற்றைத் தேடு. பென்சிலால் ஒவ்வொரு வாக்கியத்திலும் காலம் காட்டுகிற வினைக்கு அடியில் கோடு, அதற்குரிய எழுவாய்க்கு மேலே ஒரு சின்ன வட்டம். எத்தனை கோடு, எத்தனை வட்டம் என்று எண்ணு. அப்புறம்தான் கமாவைப் பற்றிப் பேச வேண்டும். தனிவாக்கியம், தொடர்வாக்கியம், கலவை வாக்கியம் என்று நாம் பத்தாம் வகுப்புக்குள் படித்துவிட்டு மறந்த பிரிவுதான் ஆங்கிலத்திலும் இருக்கிறது, கோடு போட்டதும் அது தானாகத் தெரியும்.

தனிவாக்கியத்தில் நம்மவர்கள் செய்கிற தப்பு ஒன்றுதான், ஆனால் அது எங்கும் இருக்கிறது. எழுவாய் நீளமாக இருந்தால் அது முடிந்ததும் ஒரு கமா. "த புக்ஸ் ஆன் த டாப் ஷெல்ஃப் ஆஃப் த காலேஜ் லைப்ரரி, வேர் டேமேஜ்டு." வாய்விட்டுப் படித்தால் லைப்ரரிக்குப் பிறகு நிற்கத்தான் தோன்றும், மூச்சு முட்டும். ஆனால் அந்தக் கமா எழுவாயையும் அதன் வினையையும் பிரித்து வைக்கிறது. எழுவாய் எவ்வளவு நீளமானாலும் அதற்கும் வினைக்கும் நடுவில் ஒற்றைக் கமா வரக்கூடாது. வந்தால் இரண்டாக வரலாம், நடுவில் ஏதாவது செருகியிருந்தால்: "த புக்ஸ், மோஸ்ட்லி ஓல்டு, வேர் டேமேஜ்டு." அடைப்புக்குறி மாதிரி, திறந்தால் மூட வேண்டும். கல்லூரிச் சுற்றறிக்கை, கோயில் அறிவிப்பு, வங்கிக் கடிதம் என்று எதை எடுத்தாலும் இந்த ஒற்றைக் கமா கிடைக்கும். என் பழைய பயிற்சித் தாள்கள் இன்னும் வீட்டில் இருக்கின்றன. அந்தப் பயிற்சியின் முதல் மூன்று மாதத்துத் தாள்களில் சார் சிவப்பில் சுழித்தவற்றில் பாதிக்கு மேல் இதுதான்.

தொடர்வாக்கியத்துக்கு வந்தால் விஷயம் ஆழமாகிறது. தமிழில் 'உங்கள் கடிதம் கிடைத்தது, நாளை பதில் எழுதுகிறேன்' என்று எழுதினால் யாரும் தப்பு சொல்ல மாட்டார்கள். அதை அப்படியே "ஐ ரிசீவ்டு யுவர் லெட்டர், ஐ வில் ரிப்ளை டுமாரோ" என்று எழுதினால் ஆங்கிலத்தில் பிழை, கமா ஸ்ப்ளைஸ் என்று பெயரே வைத்திருக்கிறார்கள். இரண்டு வட்டம், இரண்டு கோடு, நடுவில் வெறும் கமா: அதற்கு அவ்வளவு எடையைத் தாங்கத் தெம்பு கிடையாது. முற்றுப்புள்ளி வைத்து இரண்டாக்கலாம், கமாவுக்குப் பிறகு ஓர் 'அண்ட்' சேர்க்கலாம், இல்லையென்றால் அரைப்புள்ளி. எனக்குப் பிடித்தது அரைப்புள்ளிதான். இரண்டும் தனித்தனி வாக்கியம், ஆனால் ஒன்றின் கையை ஒன்று பிடித்திருக்கிறது என்று சொல்ல அதைவிட நல்ல குறி இல்லை. கடிதத்தில் பயமில்லாமல் பயன்படுத்துங்கள், இரண்டு பக்கமும் முழு வாக்கியம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இதே குடும்பத்தில் 'ஹவெவர்' என்று ஒரு சொல் இருக்கிறது. நான் திருத்திய கட்டுரைகளில் அதிகமாகத் திருத்தியது இதைத்தான் என்று தைரியமாகச் சொல்வேன். 'பட்' என்பதும் 'ஹவெவர்' என்பதும் தமிழில் இரண்டுமே 'ஆனால்' என்பதால் நாம் இரண்டையும் ஒரே மாதிரி நடத்துகிறோம். 'பட்' இணைப்புச் சொல், அதற்கு முன் கமா போதும். 'ஹவெவர்' இணைக்காது, அது வினையடை. "த சாம்பிள் வாஸ் ஸ்மால், ஹவெவர், த ரிசல்ட் வாஸ் க்ளியர்" என்று எழுதினால் ஹவெவர் முன்வாக்கியத்தோடு போகிறதா பின்வாக்கியத்தோடா என்றே தெரியாது. ஸ்மாலுக்குப் பிறகு அரைப்புள்ளி, ஹவெவருக்குப் பிறகு கமா. 'தேர்ஃபோர்', 'மோர்ஓவர்', 'அதர்வைஸ்' எல்லாம் இதே வழிதான். சந்தேகம் வந்தால் ஒரு சோதனை: அந்தச் சொல்லைத் தூக்கி வாக்கியத்தின் கடைசியில் வைத்துப் பாருங்கள். 'த ரிசல்ட் வாஸ் க்ளியர், ஹவெவர்' என்று உட்கார்ந்துகொள்ளும். 'பட்' அப்படி உட்காராது.

இன்னொன்று, இதற்கு நேர் எதிர். 'அண்ட்' வந்தாலே கமா என்று பழகிவிடக் கூடாது. "ஹி ஓப்பன்டு த ஃபைல் அண்ட் ரெட் இட்" என்பதில் கோடு இரண்டு, வட்டம் ஒன்றுதான். ஒரே ஆள் இரண்டு வேலை செய்கிறார். தமிழில் 'ஃபைலைத் திறந்து படித்தார்' என்று எச்சத்தில் சொல்லிவிடுவோம். அங்கே கமா வேண்டாம்.

கலவை வாக்கியத்தில் ஒரு பொதுவான விதி கைகொடுக்கும். 'இஃப்', 'வென்', 'ஆல்தோ' என்று தொடங்குகிற துணைப்பகுதி முன்னால் வந்தால் அது முடிந்ததும் கமா, பின்னால் வந்தால் பெரும்பாலும் வேண்டாம். 'ஆல்தோ' மட்டும் பின்னால் வந்தாலும் பல நேரம் கமா கேட்கும். நமக்கு இது கஷ்டமில்லை, தமிழில் துணைப்பகுதி பெரும்பாலும் முன்னால்தானே வருகிறது, 'மழை பெய்தால், போகமாட்டேன்' என்று நாமே கமா போடுகிறோம். சிக்கல் 'பிகாஸ்' வரும்போது. "ஹி டிட் நாட் ரிசைன் பிகாஸ் த சேலரி வாஸ் லோ." இதை இரண்டு விதமாகப் படிக்கலாம். சம்பளம் குறைவு என்பதால் ராஜினாமா செய்யவில்லை என்றால் அது விநோதம், ஆகவே வாசகர் இன்னொரு அர்த்தத்தை எடுப்பார்: ராஜினாமா செய்தார், ஆனால் காரணம் சம்பளம் இல்லை. பிகாஸுக்கு முன்னால் கமா போட்டால் முதல் அர்த்தம்தான். முன்னால் 'நாட்' இருந்து பின்னால் 'பிகாஸ்' வந்தால் நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு கட்டுரை எழுதியவருக்குக் குவெரி, அதாவது கேள்விக் குறிப்பு, எழுதிவிடுவேன், நானாக முடிவு செய்ய மாட்டேன். அந்த நோயாளிகள் விஷயத்துக்குப் பிறகு எனக்கு வந்த பழக்கம் இது.

கேள்விக்குறியில் நாம் தாராளம். "ப்ளீஸ் லெட் மீ நோ வெதர் த ஃபீ ஹேஸ் பீன் பெய்டு" என்று எழுதிவிட்டுக் கடைசியில் கேள்விக்குறி வைத்த மெயில்கள் எனக்கு வாரம் நாலு வரும். உள்ளே ஒரு கேள்வி இருக்கிறது, ஆனால் வாக்கியம் கேட்கவில்லை, 'சொல்லுங்கள்' என்கிறது. தமிழில் 'கட்டணம் கட்டியாயிற்றா என்று தெரிவிக்கவும்' என்று எழுதினால் கடைசியில் கேள்விக்குறி போட நம் கை போகாது, 'என்று' என்பதும் 'தெரிவிக்கவும்' என்பதும் அதை மூடிவிட்டன. ஆங்கிலத்தில் எழுதும்போதும் அந்தக் காதோடு கேட்டால் போதும். மாறாக 'யூ ஹேவ் பெய்டு, ஹேவன்ட் யூ' மாதிரி வாலில் கேள்வி ஒட்டினால், வாலுக்கு முன் கமா, கடைசியில் கேள்விக்குறி. கட்டளைக்கு முற்றுப்புள்ளி போதும். அலுவலகக் கடிதத்தில் ஆச்சரியக்குறி வேண்டவே வேண்டாம் என்பது என் எண்ணம். வாக்கியத்தின் தொடக்கத்தில் ஒருவரை விளித்தால் பெயருக்குப் பிறகு கமா, இது தமிழிலும் உண்டு.

பட்டியலில் கடைசி 'அண்ட்' அல்லது 'ஆர்'-க்கு முன் வைக்கிற கமாவை எல்லோரும் ஆக்ஸ்ஃபோர்டு கமா என்பார்கள், அந்தப் பல்கலைக்கழக அச்சகத்தின் வழக்கம் என்பதால் வந்த பெயர். அமெரிக்கச் செய்தித்தாள்கள் பெரும்பாலும் போடுவதில்லை, அங்குள்ள புத்தகப் பதிப்பாளர்கள் போடுகிறார்கள். இது வெறும் அழகு சமாச்சாரம் என்று நினைத்திருந்தேன். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஓக்ஹர்ஸ்ட் என்ற பால் நிறுவனத்தின் லாரி ஓட்டுநர்கள் வழக்கைப் படித்தபின் அப்படி நினைப்பதில்லை. எந்தெந்த வேலைக்கு ஓவர்டைம் கிடையாது என்று அந்த மாநிலச் சட்டத்தில் ஒரு பட்டியல் இருந்தது. அதன் முடிவில் "பேக்கிங் ஃபார் ஷிப்மெண்ட் ஆர் டிஸ்ட்ரிப்யூஷன்" என்று ஆர்-க்கு முன் கமா இல்லாமல் இருந்தது. அனுப்புவதற்கோ வினியோகத்துக்கோ பொதி கட்டுவது என்ற ஒரே வேலையா, இல்லை பொதி கட்டுவது ஒன்று, வினியோகம் இன்னொன்றா? ஓட்டுநர்கள் பொதி கட்டுவதில்லை, கொண்டு போய்ச் சேர்க்கிறவர்கள். 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இது தெளிவில்லை, ஆகவே தொழிலாளிக்குச் சாதகமாகத்தான் படிக்க வேண்டும் என்று அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அடுத்த வருடம் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. தீர்ப்புக்குப் பிறகு சட்டத்தையும் திருத்தி, ஒவ்வொரு வேலைக்கும் நடுவில் அரைப்புள்ளி வைத்து எழுதிவிட்டார்கள். தமிழில் இந்தச் சட்டத்தை எழுதியிருந்தால் இந்த வழக்கே வந்திருக்காது என்று எனக்குத் தோன்றும், 'அனுப்புவதற்கோ வினியோகத்துக்கோ' என்ற ஓகாரங்களே வேலையை முடித்திருக்கும். ஆகவே இதழின் ஸ்டைல் எதுவாக இருந்தாலும், பட்டியலின் கடைசிப் பகுதி இரண்டாகப் பிரியுமா என்ற சந்தேகம் வந்தால் கமா போட்டுவிடுவேன்.

பட்டியலைத் தொடங்கும்போது முக்காற்புள்ளி. அதற்கு முன்னால் இருப்பது முழு வாக்கியமாக இருக்க வேண்டும். "த ஐட்டம்ஸ் ஆர்" என்று சொல்லிவிட்டு உடனே முக்காற்புள்ளி வைத்தால் வினை தன் நிரப்பியைத் தேடிக்கொண்டு நிற்கும். 'த ஐட்டம்ஸ் ஆர் அஸ் ஃபாலோஸ்' என்று முடித்துவிட்டு வைத்தால் சரி.

மேற்கோள்குறியில் அறிவு வேலை செய்யாது, நாடுதான் வேலை செய்யும். அமெரிக்க இதழில் கமாவும் முற்றுப்புள்ளியும் மேற்கோளுக்கு உள்ளே, பிரிட்டிஷ் இதழில் அவை மேற்கோளுக்குச் சொந்தமாக இருந்தால்தான் உள்ளே. அமெரிக்கர்கள் முதலில் இரட்டை மேற்கோள், பிரிட்டிஷ் பதிப்பாளர்கள் பெரும்பாலும் ஒற்றை. காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று மாறி மாறிப் பார்த்த நாட்களில் மானிட்டர் ஓரத்தில் ஒரு சீட்டு ஒட்டிவைத்துக்கொள்வேன். உங்கள் கடிதத்துக்கு எதை வேண்டுமானாலும் எடுங்கள், நடுவில் மாற்றாதீர்கள்.

அப்புறம் புள்ளிகள். வாட்ஸ்அப் பழக்கத்தில் வாக்கியத்துக்கு வாக்கியம் இரண்டு புள்ளி வைப்பது வேலைக்கான விண்ணப்பத்திலும் வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அடுத்தடுத்து இரண்டு புள்ளி என்று ஒரு குறியே கிடையாது. மூன்று உண்டு, விடுபட்டதைக் காட்ட. கமாவுக்கு முன் இடைவெளி கிடையாது, பின்னால் ஒன்று உண்டு.

இப்போது புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நான் பயிற்சி கொடுக்கிறேன். குறியெல்லாம் எடுத்துவிட்ட ஒரு பத்தியும் பென்சிலும் கொடுத்து, அரை மணி நேரம் ஒரு குறிகூடப் போடக்கூடாது, கோடும் வட்டமும் மட்டும் என்பேன். போன மாதம் திருக்கோவிலூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன், தமிழ்வழிதான், கேட்டான்: "மேடம், 'தட்' வந்தா கமா வேண்டாம், 'விச்' வந்தா வேணும், அவ்ளோதானே?" பாதி சரி என்றேன். அமெரிக்க இதழ்கள் அப்படித்தான் கேட்கும், ஆனால் பிரிட்டிஷ் எழுத்தில் கமா இல்லாத 'விச்' தாராளமாக வரும். அந்த விதியை நம்பி நீ கமா செருகினால் எழுதியவர் சொன்ன அர்த்தம் போய்விடும். அதோடு 'ஹூ' வந்தால் அந்த விதி உதவவே உதவாது என்று சொல்லி, 2009-ஆம் வருடத்து நோயாளிகள் வரியை எடுத்து அவன் முன்னால் வைத்தேன், நான் போட்ட இரண்டு கமாவோடு. கோடு இரண்டு போட்டான், வட்டம் இரண்டு போட்டான், எல்லாருக்குமா சில பேருக்கா என்று தனக்குள் கேட்டுக்கொண்டான். அப்புறம் டயபடிஸுக்குப் பின்னால் இருந்த கமாவை மட்டும் அழித்துவிட்டு என்னைப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, முன்னால் இருந்ததையும் அழித்தான்.